தண்ணீரை இறக்கியவன்

நான் படித்தது நாலாம் வகுப்பு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வந்து கேட்க வேண்டாம். ஆனால் இந்த ஊரில் ஒரு போர் மோட்டார் நின்றுபோனால், இன்ஜினியரிங் படித்த பிள்ளை இருக்கிற வீட்டிலிருந்தும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். பிரித்துப் பார்க்க மாட்டேன். குழாயில் காதை வைத்தே எது போயிற்று என்று சொல்லிவிடுவேன். பதினெட்டு வயதில் தங்கச் சுரங்கத்துக்குள் பம்ப் வேலைக்கு எடுபிடியாக இறங்கினேன். சுரங்கத்தை மூடுகிற நாளில் நான் பம்ப்மேன். மூடியதும் என்னோடு வேலை பார்த்தவர்கள் விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்குக் காவல் வேலைக்குப் போனார்கள். நான் போகவில்லை. ஒரு தகரக் கொட்டகை போட்டு மோட்டாருக்குக் கம்பி சுற்ற ஆரம்பித்தேன். இன்று எங்கள் ஊரில் பாலகாட் பக்கம் வந்து மோட்டார்க்காரர் மாடி வீடு எது என்று கேட்டால் சின்னக் குழந்தையும் காட்டும். யார் கையையும் பிடித்துக்கொண்டு நான் மேலே வரவில்லை.

பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான். ஆனால் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. என் அக்கா வீடு இருக்கிற லைனுக்கு, அதாவது அந்த வீட்டு வரிசைக்கு, அடியில் என்ன நடந்தது, அதில் என் கை எவ்வளவு என்பதை நானே சொல்லிவிட வேண்டும். மற்றவர்கள் சொன்னால் கூட்டியோ குறைத்தோ சொல்லுவார்கள்.

எங்கள் ஊரில் குடிக்கிற தண்ணீர் எப்படியோ வந்துவிடும். பேத்தமங்களா பக்கத்திலிருந்து குழாய், அது நின்றால் கேன். புழங்குகிற தண்ணீருக்குத்தான் பாடு. பஸ் ஸ்டாண்டு கழிப்பறையில் பூட்டுத் தொங்கும். மார்க்கெட்டில் மீன் கடைப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். கோடை வந்தால் டேங்கர் லாரி. எங்கள் உள்ளாட்சி ஆபீசுக்கு வருகிற பணத்தில் பாதி லாரியின் வாயில்தான் போகிறது என்று பேசிக்கொள்வார்கள். புதிதாக வந்த அதிகாரியம்மா ஒருநாள் கூட்டம் போட்டார். "செலவு குறையணும், வேலையும் நடக்கணும். யார் யோசனை சொன்னாலும் கேட்கிறேன்" என்றார்.

"மொதல்ல இந்த ஆபீஸ்ல நாலு ஃபேனை நிறுத்துங்கம்மா, கொறஞ்சிடும்" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து நான் எழுந்தேன்.

"அம்மா, நாம இன்னாத்துக்கு லாரில தண்ணி வாங்கணும்? நம்ம காலுக்குக் கீழ ஒரு ஏரி கீது. அந்தக் காலத்துல நாங்க எறச்சிகினே இருந்த தண்ணிதான். பம்ப நிறுத்திட்டுப் போனாங்க, அது பாட்டுக்கு ரொம்பிகினு வந்து, இப்ப ஷாப்ட் வாய்க்கிட்ட நிக்குது."

"குடிக்கலாமா?"

"குடிக்க இல்லம்மா. கழுவறதுக்கு, மரத்துக்கு, கக்கூசுக்கு. அதுக்குப் போயி நல்ல தண்ணிய லாரில வெச்சிக் கொண்டாறோம்."

அதிகாரியம்மா பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். இத்தனை படித்தவர்கள் இருக்கிற ஊரில் இந்த யோசனை எனக்குத்தான் வந்தது. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்லுவேன்.

வேலை வேகமாக நடந்தது. தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினார்கள். குடிக்க ஆகாது, புழங்கலாம் என்று வந்தது. சூரிய வெளிச்சத்தில் ஓடுகிற மோட்டாரை, சுரங்கத்துக்குள் இறங்குகிற பழைய ஷாப்ட் குழி ஒன்றில் நல்ல ஆழத்தில் தொங்கவிட்டோம். மேட்டில் ஒரு தொட்டி. அங்கிருந்து பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட், பள்ளிக்கூடங்கள், லைன் வீடுகள் வரை தனிக் குழாய். இதற்கு ஒரு பெண் இன்ஜினியரைப் போட்டார்கள். கோலார் பக்கத்துப் பெண், வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ். என்னைத் 'தாத்தா' என்றுதான் கூப்பிடும். சார் என்று கூப்பிட்டிருக்கலாம், பரவாயில்லை. கெட்டிக்காரப் பெண். மோட்டாரோடு ஒரு சென்சார் வயரையும் தொங்கவிட்டு, அதன் நுனியில் தண்ணீர் படுகிற வரை தன் போனில் பச்சைப் புள்ளி தெரியும்படி செய்தது. தண்ணீர் நுனிக்குக் கீழே போனால் புள்ளி சிவப்பாகும், மோட்டார் தானாக நின்றுவிடும். ஷாப்ட் வாயில் வயரைக் கட்டிய இடத்தில் அடையாளத்துக்குச் சிவப்பு டேப்பும் சுற்றிவைத்தது.

"தாத்தா, இந்த அளவுக்குக் கீளே தண்ணி எறங்க பேடா, எறங்கவே கூடாது. பழைய மேப்பில மேல் லெவல் எல்லாம் சரியா காட்டல. தெரியாத எடத்தில நாம கை வைக்க வேணாம்" என்றது.

"சரிம்மா" என்றேன். சாவி என்னிடம்.

பிறகு பாருங்கள் ஊரை. லாரிகள் நின்றன. பஸ் ஸ்டாண்டு கழிப்பறையில் பூட்டை எடுத்தார்கள், உள்ளே போனவர்கள் முகம் சுளிக்காமல் வெளியே வந்தார்கள். மார்க்கெட்டைத் தினமும் கழுவினார்கள். ஊருக்குள் மைசூர் மைன்ஸ் பக்கம் நட்ட கன்றுகள் முதல் தடவையாகக் கோடையில் கருகாமல் நின்றன. லாரிக்குப் போன பணத்தில் தெருவிளக்கு மாற்றினார்கள். பத்திரிகைக்காரர்கள் வந்து, ஷாப்ட் பக்கத்தில் என்னை நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். அதை லேமினேட் செய்து கொட்டகையில் மாட்டியிருக்கிறேன். வேறு ஊர் அதிகாரிகள் பார்க்க வரப்போகிறார்கள் என்று சொன்னார்கள்.

அந்த ஷாப்ட்டுக்குக் கூப்பிடு தூரத்தில்தான் அக்காவின் லைன். ஒட்டி ஒட்டிப் பதினாலு வீடு, கடைசி வீடு அக்காவுடையது. சுரங்கம் இருந்தபோது வேலைக்காரர்களுக்குக் கொடுத்த வீடு. பட்டா கிடையாது, பத்திரம் கிடையாது. ஆள் குடியிருக்கிற வரைதான் வீடு, ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் காலி வீடு என்று எழுதிவிடுவார்கள் என்று அந்த லைனில் எல்லோருக்கும் பயம். எழுதினார்களோ இல்லையோ, அக்கா அந்தப் பயத்திலேயே வாழ்ந்தாள். பெங்களூரில் பேரன் பிறந்தபோதுகூடக் காலையில் போய் சாயங்காலம் திரும்பிவிட்டாள். அவளுக்கு இந்த உலகத்தில் சொத்து என்று இருப்பது அந்த இரண்டு அறையும் பின்கட்டும்தான்.

மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், சுரங்கத்தில் டிம்பர்மேன். தங்கப் பாறையை வெட்டி எடுத்த பிறகு உள்ளே பெரிய பொந்து நிற்கும், மேல்பாறை இறங்காமல் அதில் மரம் நட்டு முட்டுக்கொடுக்கிற வேலை. அவர் நட்ட மரத்துக்கு அடியில் படுத்துத் தூங்கலாம் என்று சொல்வார்கள். இப்போது நெஞ்செல்லாம் சுரங்கத் தூசி. பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்க வேண்டும். லைனில் குழாய் திறந்த அன்று நாற்காலி போட்டு உட்கார்ந்து தண்ணீர் கொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், தண்ணிய எவ்ளோ எறக்கப் போற?"

"தேவைக்கு ஏத்தாப்பல மாமா."

"தேவைக்கு இன்னா அளவு கீது? இந்த லைனுக்கு அடில வெள்ளக்காரன் காலத்துலயே ரொம்ப மேலாக்க வெட்டிட்டாங்க. நான் நட்ட மரம் கீது, உங்க அப்பா நட்ட மரம் கீது. தண்ணிக்குள்ள கீற வரைக்கும் அதுக்கு ஒண்ணும் ஆவாது. தண்ணி போயி காத்து பட்டுதுன்னா தாங்காது. தண்ணியும்தான் பாறையப் புடிச்சிகினு கீது, அத்த மறந்துடாத."

"டிம்பர்மேனுக்கு எதப் பாத்தாலும் மரந்தான்" என்று நான் சிரித்தேன்.

"பம்ப்மேனுக்குத் தண்ணிதான் தெரியும். அதுவும் வெளிய தள்ள மட்டுந்தான் தெரியும்" என்றார் மாமா. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்று அப்போது தெரியவில்லை.

சுரங்கத்தில் பம்ப்மேனுக்கு ஒரே பரீட்சைதான். அடுத்த ஷிப்டுக்காரன் வரும்போது குழியில் தண்ணீர் இருக்கக்கூடாது. பம்ப் காற்றை உறிஞ்சிக் கொர்ரென்று கத்துகிற வரை இறைக்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்காமல் கேஜ் என்கிற கூண்டு லிப்டில் ஏறி மேலே வந்தவனைப் பேர் சொல்லியே திட்டுவார்கள். தண்ணீர் எங்களுக்கு எதிரி. அது ஒரு அடி ஏறினால் கீழே வேலை செய்கிற கூட்டாளி செத்தான். இப்படியே என் பாதி ஆயுள் போனது. என் கை, கால், காது எல்லாம் தண்ணீரை இறக்குவதற்கென்றே பழகியவை.

அந்தக் கோடையில் ஒருநாள் மத்தியானம் மோட்டார் தானாக நின்றது. புள்ளி சிவப்பு. குழாயில் காது வைத்தேன். மோட்டாருக்கு மேல் இன்னும் நிறையத் தண்ணீர் இருந்தது. மார்க்கெட்டில் இன்னும் கழுவி முடியவில்லை. தண்ணீரை வைத்துக்கொண்டு மோட்டாரை நிறுத்துகிறவன் பம்ப்மேனா? எனக்கு அது தாங்கவில்லை. கட்டை அவிழ்த்து வயரை ஒரு பாகம் கீழே விட்டேன். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். சிவப்பு டேப் இருட்டுக்குள் இறங்கிப் போவதை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். புள்ளி பச்சையானது, மோட்டார் ஓடியது.

பிறகு இன்னொரு பாகம். பத்து நாள் கழித்து இரண்டு. ஊருக்குத் தண்ணீரைத் தாராளமாகப் புழங்குகிற பழக்கம் வந்துவிட்டது. முன்பு ஒரு குடம் கேட்டவர்கள் இப்போது வாசலைத் தினமும் கழுவினார்கள். இன்ஜினியர் பெண் போன் செய்தது. "தாத்தா, இந்தக் கோடைல தண்ணி நின்னு நின்னு வரும்னு பயந்துட்டு இருந்தேன். இன்னும் கிரீன்லயே இருக்கு, சூப்பர்!"

"நான் கீறேன் இல்ல" என்றேன்.

சித்திரையில் ஒரு காலை, ஷாப்ட் வாயை மூடியிருக்கிற கம்பி வலையின்மேல் தைல மரத்து இலைகள் அடை அடையாக ஒட்டிக்கிடந்தன. துடைப்பத்தால் தள்ளினேன். போய்விட்டுத் திரும்பவும் வந்து ஒட்டிக்கொண்டன. குனிந்து உள்ளங்கையை வைத்தேன். காற்று உள்ளே இழுத்தது. மெதுவாக, விடாமல். தண்ணீர் இறங்கினால் அந்த இடத்துக்குக் காற்று போகத்தானே வேண்டும், அதில் அதிசயம் இல்லை. ஆனால் அது உள்ளே போய் எதன்மேல் பட்டுக்கொண்டிருக்கிறது என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததை விரட்டிவிட்டு மோட்டாரைப் போட்டேன்.

அதற்கு அடுத்த வாரம் காலை பத்து மணி இருக்கும், பூமி உதறியது.

வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டும். எங்களுக்கு இது பூகம்பம் இல்லை, ஏர் பிளாஸ்ட். உள்ளே பாரம் தாங்காமல் பாறை வெடித்தால் மேலே ஊர் ஆடும். சுரங்கம் ஓடிய காலத்தில் தட்டு முட்டு ஆடாத வாரம் கிடையாது. ஆடியதும் வெளியே வந்து, "எந்த ஷாப்ட்?" என்று பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுப்போம். நம் வீட்டு ஆள் அந்த ஷாப்ட்டில் இல்லை என்றால் திரும்பிப் போய் குழம்பைக் கிளறுவோம். சுரங்கம் மூடி, தண்ணீர் நிரம்பிய பிறகு அந்த ஆட்டமும் நின்றுபோனது. பல வருடம் ஊர் அசையவே இல்லை.

அதனால் அன்று என்ன நடந்தது தெரியுமா? வேறு ஊராக இருந்தால் அலறியிருப்பார்கள். எங்கள் ஜனங்கள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். "எந்த ஷாப்ட்டுப்பா?" என்று கிழவர்கள் கேட்டுக்கொண்டார்கள். டீக்குப் பந்தயம் கட்டினார்கள். பல வருடமாக வீட்டைவிட்டு வெளியே வராத ஒருவர் கைலியோடு ரோட்டில் நின்று, "மைன் தொறக்கறாங்கடா! உள்ள யாரோ வேலை செய்றாங்க!" என்று கத்தினார். அதைப் பாதிப் பேர் நம்பினார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. காலுக்கடியில் அந்த உதறல் வந்தபோது இருபது வயது குறைந்த மாதிரி இருந்தது.

லைனில் நின்றுகொண்டு நானே எல்லோருக்கும் சொன்னேன்: "பயப்பட ஒண்ணும் இல்ல. பாறை உக்காருது, அவ்வளவுதான்." சுரங்கத்தில் இருந்தவன், தண்ணீர் கொடுத்தவன், பத்திரிகையில் வந்தவன் சொன்னால் நம்ப மாட்டார்களா?

மாமா மட்டும் வெளியே வரவில்லை. தரையில் உட்கார்ந்து உள்ளங்கையைச் சிமெண்டில் பதித்தபடி வெகுநேரம் அப்படியே இருந்தாராம். அக்கா பிறகு சொன்னாள்.

அதற்குப் பிறகு இரண்டு நாளுக்கு ஒன்று, மூன்று நாளுக்கு ஒன்று என்று ஆட்டம் வந்தது. அக்காவின் பின்கட்டுக் கதவு சாத்தவில்லை. தச்சர் வந்து அடியில் இழைத்துவிட்டுப் போனார். ஒரே வாரத்தில் மேலே பிடித்துக்கொண்டது. மாமா என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"கதவு மேல தப்பு இல்ல மச்சான். தரை ஒரு பக்கமா எறங்குது. தண்ணி எங்க நிக்குது? நெஜத்தச் சொல்லு."

"அந்தப் பொண்ணு வெச்ச அளவுலதான் நிக்குது மாமா."

மாமா என் முகத்தைப் பார்த்தார். நான் கதவைப் பார்த்தேன்.

"அவன்தான் சொல்றான் இல்ல, இன்னாத்துக்குத் தோண்டித் தோண்டிக் கேக்கறீங்க?" என்று அக்கா அவரை அடக்கிவிட்டு எனக்கு டீ கொடுத்தாள். "நீ சொன்னா சரிதான்டா தம்பி. இந்த வீட்டுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

"ஆவாது" என்றேன். அந்த டீயைக் குடித்து முடிக்கப் பெரிய பாடாக இருந்தது.

வெளியூர் அதிகாரிகள் திங்கட்கிழமை வருவதாக முடிவானது. முந்தின வெள்ளிக்கிழமை காலை, தொட்டியைச் சுத்தம் செய்யலாம் என்று வடிகட்டி வலையைக் கழற்றினேன். வழக்கமாகச் சேறும் துருவும் இருக்கும். அன்று வலை முழுக்க மரச் சிராய். வெளிப்பக்கம் தண்ணீரில் ஊறிக் கறுத்தது, உள்பக்கம் மஞ்சள். புதிதாக ஒடிந்த மஞ்சள். மூக்கருகே கொண்டுபோனேன். சுரங்கத்துக்குள் முட்டு மரங்களுக்கு நடுவே நடந்தால் ஒரு வாசனை வரும். அதே வாசனை.

ஒரு கைப்பிடி அள்ளிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு மாமாவிடம் போனேன். பிரித்து அவர் மடியில் வைத்தேன். அவர் ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்தார். நகத்தால் கீறினார்.

"இது அழுகி வுழுந்த மரம் இல்ல. பாரம் தாங்காம பொளந்த மரம்." பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்: "எத்தினி பாகம் எறக்கின?"

சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நான் திருப்பிப் பேசியிருப்பேன், எனக்கும் லேசாக இருந்திருக்கும். அவர் சிராய்களைத் திரும்ப முடிந்து என் கையில் கொடுத்தார்.

"போயி மோட்டார நிறுத்து."

என் வாழ்க்கையில் தண்ணீர் இருக்கும்போது நானாக நிறுத்திய முதல் மோட்டார் அதுதான். போன் செய்ததும் இன்ஜினியர் பெண் ஸ்கூட்டரில் வந்தது. வயரை நானே மேலே இழுத்தேன். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. கடைசியில் டேப் வந்து, அதற்குக் கீழே தொங்கவேண்டிய நீளம் தொங்கியது. அந்தப் பெண் எண்ணிக்கொண்டே நின்றது.

"தாத்தா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நிறுத்திடுவீங்கன்னுதாம்மா சொல்லல."

"ஹௌது, ஆமா. நிறுத்தியிருப்பேன்" என்றது. சாவியை நானே நீட்டினேன்.

அதிகாரியம்மா வெளியூர் அதிகாரிகளைத் திங்கட்கிழமை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்று மத்தியானமே லைனுக்கு வந்து, எல்லோரும் சமுதாயக் கூடத்துக்குப் போய்விடுங்கள், வீடு உங்கள் பேரிலேயே இருக்கும் என்று எழுதித் தருகிறேன் என்றார். ஒருவரும் அசையவில்லை. மைன் திறக்கப்போகிறார்கள், நம் இடத்துக்கு விலை வரப்போகிறது, அதற்குத்தான் விரட்டுகிறார்கள் என்று ஒருவர் சொல்ல, ஆமாம் ஆமாம் என்றார்கள். நான் முன்னால் போய், என்னால்தான் இது ஆயிற்று, உள்ளே மரம் ஒடிகிறது, கிளம்புங்கள் என்றேன். ஏழாம் வீட்டு அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"நேத்து வரைக்கும் பாறை உக்காருதுன்னு நீதானய்யா சொன்ன? இன்னிக்கு இன்னா, எழுந்து நிக்குதா?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா தன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "நீ சொன்னத நம்பித்தான் இத்தினி நாள் கீறேன். இப்ப போவச் சொன்னா எங்க போவேன்? ஒருக்கா பூட்டினா எனக்கு வீடு கெடையாதுடா."

அப்போது மாமா உள்ளேயிருந்து கடப்பாரையை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தார். லைனின் அந்தக் கோடிக்கு, முதல் வீட்டுக்கு நடந்தார். பத்தடிக்கு ஒரு தடவை நின்றார். நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

சுரங்கத்துக்குள் வேலை தொடங்கும் முன் டிம்பர்மேன் கடப்பாரையால் தலைக்கு மேல் பாறையைத் தட்டிப் பார்ப்பார். பாறை நன்றாக இருந்தால் மணி மாதிரி கேட்கும். உள்ளே பிளந்திருந்தால் மத்தளம் மாதிரி கேட்கும். மத்தளம் கேட்டால் அவர் வெளியே போ என்பார். அங்கே மேஸ்திரியும் துரையும் ஒன்றுதான், எல்லோரும் போக வேண்டும். லைனில் இருக்கிற ஒவ்வொரு கிழவருக்கும் அந்தச் சத்தம் தெரியும்.

"டிவிய நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டு, முதல் வீட்டுத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். டங். இரண்டாவது வீடு, டங். சின்னவர்கள் வேடிக்கை பார்த்தார்கள், பெரியவர்கள் காதைக் கொடுத்தார்கள். ஏழாம் வீட்டு அம்மாள் அவர் வருவதற்குள் தரையிலிருந்த பாயைச் சுருட்டி வைத்தாள். ஒன்பதாவது வீடு வரை மணிச் சத்தம். பத்தாவதில் கொஞ்சம் மந்தம். மாமா இன்னொரு தடவை தட்டினார். பதினொன்றில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பன்னிரண்டு, பதின்மூன்று. இப்போது லைனில் ஒருவரும் சிரிக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் தானாகவே கால்விரலில் நடந்தார்கள்.

கடைசி வீட்டில் அக்கா எழுந்து வழிவிட்டாள். மாமா தான் அத்தனை வருடம் படுத்த அறையின் நடுவில் நின்று தட்டினார். கம்பளி போர்த்திய பெரிய மத்தளத்தைத் தட்டிய மாதிரி இருந்தது. சத்தம் நின்ற பிறகு, தரைக்கு அடியில் எங்கேயோ பொடி உதிர்ந்தது. சரசரவென்று. அது உடனே நிற்கவில்லை. கீழே போய்க்கொண்டே இருந்தது. எவ்வளவு ஆழத்துக்குப் போகிறது என்று நாங்கள் எல்லோரும் காதைக் கொடுத்து நின்றோம்.

மாமா வாசலுக்கு வந்தார். "மேல ஏறுங்க" என்றார். சுரங்கத்துக்குள் சொல்கிற வார்த்தை. பட்டப்பகலில், வெயிலில் நிற்கிறவர்களைப் பார்த்துச் சொன்னார். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் பதினாலு வீடும் காலி.

இதெல்லாம் நடந்து இரண்டு மாதம் ஆகிறது. லைன் இன்னும் நிற்கிறது. சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் திரும்ப ஏறுகிறது, ஆனால் அது இறங்கின வேகத்தில் ஏறவில்லை. முதலில் வைத்த அளவுக்குத் தண்ணீர் வந்த பிறகுதான் மோட்டாரைத் திரும்பப் போடுவது, அதுவும் நாளுக்குக் கொஞ்ச நேரம் என்று இன்ஜினியர் பெண் முடிவு செய்திருக்கிறது. இப்போது வயரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று எண்ணாகவே போனில் தெரியும்படி மாற்றிவிட்டது. திட்டம் நல்ல திட்டம். எவன் கேட்டாலும் சொல்லுவேன். அதைக் கெடுத்தது நான்.

மாமா என் மாடி வீட்டில் இருக்கிறார். நல்ல காற்று வருகிற அறையைக் கொடுத்திருக்கிறேன். ஆட்டம் வந்தால் மட்டும் எழுந்து உட்கார்ந்து, "எந்தப் பக்கம்?" என்று கேட்கிறார். நான் சொல்வதில்லை. அவருக்கே தெரியும்.

அக்காதான் அடங்கவில்லை. அதிகாரியம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறாள், நம்பவில்லை. கரண்டு மீட்டர் ஓடாவிட்டால் காலி வீடு என்று எழுதிவிடுவார்கள் என்று யாரோ அவள் காதில் போட்டுவிட்டார்கள். தினமும் காலையில் ஊறவைத்த அரிசியும் உளுந்தும் எடுத்துக்கொண்டு, கயிற்றுக்கு அடியில் குனிந்து அந்த வீட்டுக்குப் போய்விடுகிறாள். அவள் கிரைண்டர் அங்கேதான் இருக்கிறது. அதை எடுத்துவர விடமாட்டேன் என்கிறாள். நான் எவ்வளவோ சொன்னேன். கையைப் பிடித்துக்கூட இழுத்தேன். என் பேச்சை ஒரு தடவை நம்பியதே போதும் என்று சொல்லிவிட்டாள்.

இன்று காலையும் போனாள். நான் பின்னாலேயே போய் ரோட்டில் நின்றேன். உள்ளே கிரைண்டர் கல் சுற்ற ஆரம்பித்தது. குழாயில் காது வைத்துப் பழகியவன் நான், கயிற்றைத் தாண்டிப் போய்ச் சுவரில் வைத்தேன். கல் சுற்றுகிற சத்தம் தரையில் இறங்கி, தரைக்குக் கீழே பெரிதாகிக்கொண்டே போனது. எனக்கு நிற்க முடியவில்லை. படியேறி ஒரு காலை உள்ளே வைத்தேன்.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. மாவைக் கையால் தள்ளிவிட்டுக்கொண்டே சொன்னாள்:

"நீ வெளிய நில்லு தம்பி. ரெண்டு பேர் பாரம் வேணாம்."

காலை எடுத்துக்கொண்டேன். மாவு அரைபட இன்னும் பாதி இருந்தது.